கம்பெனி டாக்டர் சீட்டு

டாக்டர் வரதன் திங்கட்கிழமை மத்தியானம் எழுதிக் கொடுத்த சீட்டு, மருந்துக் கடைக்குப் போகாமல் செவ்வாய்க்கிழமை திருவள்ளூருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், சங்கத்துக்காரர் வீரராகவனின் பச்சை ஃபைலில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. எந்தக் கண்ணைக் காப்பாற்ற அது எழுதப்பட்டதோ அந்தக் கண் ஆரம்பாக்கத்தில் ஒரு வீட்டில் வீங்கிக்கொண்டிருந்தது.

மடத்தனம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரர்கள் யார், எங்கே வேகிறவர்கள் என்று ஒரு எட்டு பார்த்துவிட்டுச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

மோசஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கி வார்க்கும் கம்பெனி ஒன்றில் பதினாலு வருஷமாக உலைப் பக்கம் வேலை. காண்ட்ராக்ட் ஆள். இந்தப் பதினாலு வருஷத்தில் காண்ட்ராக்டர் நாலு பேர் மாறினார்கள், மோசஸ் நிற்கிற இடம் மாறவில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையில் காண்ட்ராக்டர் பேர்தான் இருக்கும். சம்பளம் வருவதும் அந்தப் பேரில்தான். கம்பெனியின் பேரும் மோசஸின் பேரும் ஒரே காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வந்ததே கிடையாது. நாளைக்கே கேட்டில் நிறுத்தி, நீ யாரப்பா என்று கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் உள்ளங்கைக் காய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

அவர் மனைவி கன்னியம்மாவுக்கு அதே சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கூட்டித் துடைக்கும் வேலை. ஒரே மகள் மோனிகா தடா பக்கம் கேபிள் கம்பெனிக்குப் போகிறாள். காலை ஐந்தரைக்கு கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து தள்ளும். மூன்று பேரும் மூன்று கேட்டுக்குள் நுழைந்து வெளியே வருகிற குடும்பம். கன்னியம்மாவின் அம்மா காலத்தில் எல்லாரும் ஒரே வரப்பில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள். அப்போதும் நிலம் இன்னொருத்தருடையதுதான் என்பதால் அதை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை.

அந்த வாரம் சனிக்கிழமையிலிருந்தே மழை. ஐப்பசி மழை நெல்லுக்கு நல்லது, உலைக்கு ஆகாது. யார்டில் மலையாகக் கொட்டிக் கிடக்கும் பழைய இரும்பில், அமுங்கிய டின்னிலும் வளைந்த குழாயிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். காயவைக்காமல் உலையில் போட்டால் உலை துப்பும். காயவைக்க யார் நேரம் கொடுக்கிறார்கள்? திங்கட்கிழமை முதல் ஷிஃப்டில் ஒன்பது மணி வாக்கில் உலை துப்பியது. பொறி கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஓடியவர்களில் மோசஸும் ஒருவர். வலது நெற்றி சுரீர் என்று எரிந்தது. கண்ணாடியில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. பதினோரு மணிக்குச் சிவந்தது. சாப்பாட்டு நேரத்தில் நெற்றியில் சின்னச் சின்னதாகக் கொப்புளம் கொத்தாக எழும்பியிருந்தது.

சூபர்வைசர் அவரை முதலுதவி அறைக்கு அனுப்பினான். திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் வரதன் வருகிற நாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணைச் சுழற்றச் சொன்னார். பிறகு, சின்ன வயதில் அம்மை போட்டதா என்று கேட்டார். மோசஸுக்கு அங்கேயே சுருக்கென்றது. நெற்றி வெந்து நிற்கிறவனிடம் சின்ன வயசு அம்மையை எதற்கு விசாரிக்கிறான் இந்த மனுஷன்? ஏழு வயதில் போட்டது என்று சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். அந்த அம்மைக் கிருமி சாகாமல் நரம்புக்குள் படுத்துக் கிடக்குமாம், வயசாகி உடம்பு அசந்த நேரத்தில் எழுந்து வருமாம்.

"இது நெருப்பு இல்லப்பா, அக்கி. மூணு நாளுக்குள்ள இந்த மாத்திரைய ஆரம்பிச்சிடணும். ஒரு நாளைக்கு அஞ்சு வேளை. கண்ணுகிட்ட வந்திருக்கு, அசால்ட்டா இருந்துடாத. கண் டாக்டரையும் பாத்துடு."

இவ்வளவும் சொன்னார். மோசஸின் மனசில் தைத்தது முதல் வாக்கியம் மட்டும்தான். நெருப்பு இல்லையாம்.

அன்று சாயங்காலம் துலுக்காணம் வந்தார். இவர் மோசஸோடு அதே உலையில் நின்றவர். இப்போது ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். வலது காலில் பாதி பாதம்தான் உண்டு. முன்பக்கத்தில் பழந்துணி அடைத்த ரப்பர் செருப்பைக் கயிற்றால் கட்டி, குடையை ஊன்றிக்கொண்டு நடப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரும்புக் குழம்பு அவர் பூட்ஸுக்குள் போனது. அதற்குச் சீட்டு எழுதியவரும் இதே வரதன்தான். துலுக்காணம் இப்போது மோசஸின் சீட்டை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அதே கையெழுத்து," என்றார். "எனுக்கும் இப்டித்தான். காலு வெந்து தொங்கிகினு கீது, இந்தாளு சக்கர புண்ணுனு எழுதிட்டாரு. எனுக்கு சக்கர இருந்திச்சி, இல்லன்னு சொல்லல. சக்கரயா வந்து கொழம்ப ஊத்துச்சி?"

கன்னியம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். "எதுக்கும் மாத்திரைய வாங்கிப் போட்டு வைக்கலாமாண்ணா? போட்டா இன்னா, போவுது."

"போட்டா போவுதா? நான் போட்டனே. அவரு குடுத்த சக்கர மாத்திரைய ஒம்போது மாசம் முழுங்கனேன். அப்பால கேஸுனு போனப்போ அத்தயே எடுத்துக் காட்டுனாங்க. சக்கர வைத்தியம் பண்ணிகினு இருந்தவன் இப்ப இன்னா நெருப்புங்கிறன்னு கேட்டாங்க. நான் இன்னா பதில் சொல்றது? நான் முழுங்கன மாத்திரயே எனுக்கு எதிரா சாட்சி சொல்லிச்சி."

துலுக்காணத்தின் கால் அங்கே தரையில் நீட்டிக் கிடந்தது. அதைவிடப் பெரிய ஆதாரம் எந்த டாக்டர் காட்ட முடியும்? மோசஸ் மாத்திரை வாங்கப் போவதில்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை வீரராகவன் வந்தார். துலுக்காணம் போன் போட்டுச் சொன்னதால் வந்தவர். காண்ட்ராக்ட் ஆட்களுக்காகக் கேஸ் நடத்தும் சங்கத்துக்காரர். திருவள்ளூரை ஒட்டின மணவாள நகரில் வீடு. நல்ல மனுஷன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையை விட்டுச் செலவழித்து, மழையில் இரண்டு பஸ் மாறி, நாஷ்டா கூடச் சாப்பிடாமல் வந்தார். மோசஸின் முகத்தை நாலு பக்கத்திலிருந்தும் போனில் படம் பிடித்தார். பிறகு சீட்டை வாங்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சீட்டின் தலையில் கம்பெனி பேர் அச்சில் இருந்தது. அதன் கீழே பேனாவில் மோசஸ், ஐம்பத்திரண்டு, உலைப் பிரிவு என்று எழுதியிருந்தது.

இதன் மதிப்பு உங்களுக்குப் புரியாது என்றார் வீரராகவன். பதினாலு வருஷத்தில் கம்பெனியே தன் கையால், இவர் எங்கள் உலையில் வேலை செய்கிறவர் என்று எழுதிக் கொடுத்த ஒரே காகிதம் இது. அந்த டாக்டர் பழக்க தோஷத்தில் எழுதிவிட்டார், தெரிந்தால் இதைப் பிடுங்க ஆள் வரும். அசல் தன்னிடம் இருக்கட்டும். மருந்துக் கடையில் தீக்காயக் களிம்பு மட்டும் வாங்கித் தடவுங்கள், வேறு எந்த வைத்தியமும் செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள். கம்பெனி ஆட்கள் நேராக வர மாட்டார்கள், தெரிந்தவர்கள் மூலமாகத்தான் பேசுவார்கள் என்றும் எச்சரித்துவிட்டு, பாலில்லாத டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த வீட்டுக்குள் சந்தேகம் பாய் போட்டுப் படுத்துக்கொண்டது. மத்தியானம் எதிர்வீட்டுச் செல்லியம்மாள் எட்டிப் பார்த்து, இது அக்கிதானே, தடாவில் காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுதுகிறவர் இருக்கிறாரே, கூட்டிப் போங்களேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு சமயமாக இருந்தால் அது சாதாரணப் பேச்சு. மோசஸ் ஒற்றைக் கண்ணால் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மருமகன் கம்பெனி ஆபீஸ் காரை ஓட்டுகிறவன். அந்தக் கார் மோசஸ் நினைவில் வந்ததும் செல்லியம்மாளுக்கு அந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அவள் கொடுத்தனுப்பிய இளநீரைக்கூட மோசஸ் தொடவில்லை. பாவம், அந்தப் பொம்பளை செய்த குற்றம், பார்த்ததைச் சொன்னதுதான்.

புதன்கிழமை நாலு மணிக்குக் கன்னியம்மா வேலை முடிந்து நனைந்துகொண்டு வந்தாள். காலையில் வைத்த கஞ்சி அப்படியே இருந்தது. மோசஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஃபேன் காற்று பட்டால் நெற்றியை ஊசியால் குத்துகிற மாதிரி இருக்கிறதென்று ஃபேனை நிறுத்தியிருந்தார். வலது இமை உப்பி, கண் மூடியே போயிருந்தது. மூக்கு நுனியில் புதிதாக ஒரு கொப்புளம். தீக்காயக் களிம்பு வெள்ளையாகக் காய்ந்து, அதன் மேலேயே நீர் வழிந்துகொண்டிருந்தது.

இமையை விரலால் லேசாகப் பிரித்து, என்ன தெரிகிறது என்று கேட்டாள். மழைத் தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். கன்னியம்மா விரலை எடுத்துக்கொண்டாள். ஒரு கண் போனால் உலைக்கு ஆகமாட்டார். உலைக்கு ஆகாதவரை வேறு எங்கே எடுப்பார்கள்? அதெல்லாம் அப்புறம். இந்த மனுஷனுக்கு மோனிகாவின் கல்யாணத்தை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டாமா?

பழைய களிம்பைத் துடைத்தெடுக்க வெந்நீரில் துணியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெற்றியில் ஆரம்பித்து மேலே போனாள். முடிக்குள் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. முடியைப் பிரித்துப் பார்த்தாள். உச்சந்தலை வரைக்கும் கொப்புளம். வலது பக்கம் மட்டும். வகிடு எடுத்த மாதிரி நடுவில் நின்றுவிட்டது. இடது பக்கத்தில் தேடினாள், கடுகளவு கூட இல்லை.

சட்டென்று அவள் கை நின்றது.

"இந்தாய்யா, அன்னிக்கு ஹெல்மெட் போட்டுகினு இருந்தியா?"

"போடாம? ஹெல்மெட் கழட்னா அன்னிக்கு ஆஜரே இல்லனு போட்டுடுவான்."

"பொறி பட்டப்போ?"

"போட்டுகினுதான் இருந்தேன். இன்னாத்துக்குக் கேக்கற?"

ஹெல்மெட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியில் வைத்தால் அடுத்த ஷிஃப்ட் ஆள் எடுத்துக்கொள்வான் என்று தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். மஞ்சள் நிறம், பொறி பட்டுப் பட்டுப் புள்ளியாய் உருகிய மேடு பள்ளம். கன்னியம்மா அதை எடுத்து, தலையில் அழுத்தாமல் மேலாகப் பிடித்து, விளிம்பு எதுவரை வருகிறது என்று பார்த்தாள். நெற்றியில் பாதியை மூடியது. முடிக்குள் இருந்த கொப்புளம் அத்தனையும் ஹெல்மெட்டுக்கு உள்ளே. ஹெல்மெட்டைத் திருப்பி உட்பக்கம் பார்த்தாள். வார் வெள்ளையாக, ஒரு பொத்தல் இல்லாமல் இருந்தது.

பொறி ஹெல்மெட்டுக்குள் எப்படிப் போகும்? போனாலும் மூக்கு நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் மட்டும் என்று நிற்குமா? உருக்குக் கம்பெனிக்காரன் பெண்டாட்டிக்கு நெருப்பைத் தெரியும். பதினாலு வருஷமாக அவர் சட்டை, கை, கழுத்து என்று எத்தனை தீப்பொட்டுக்கு எண்ணெய் தடவியிருக்கிறாள். நெருப்பு ஒரு முறை கடித்துவிட்டுப் போய்விடும். மூன்றாம் நாள் வந்து புதுசாக மூக்கு நுனியில் முளைக்காது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும்போது மோசஸ் தலை சீவ மாட்டேன் என்றார். சீப்பு பட்டால் மின்சாரம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். மழைத் தலைவலி என்று இவள்தான் தைலம் தேய்த்துவிட்டாள். உலை துப்பியது திங்கட்கிழமை.

அவள் இதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மோசஸ் எழுந்து உட்கார்ந்து, நல்ல கண்ணால் அவளையே பார்த்தார்.

"யாரு வந்து உங்கிட்ட பேசுனாங்க?"

கன்னியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசிப்போனது. இருபத்தைந்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன் கேட்கிற கேள்வியா இது? கையிலிருந்த ஹெல்மெட்டை அவர் மடியில் வைத்தாள்.

"இதுதான் வந்து பேசுச்சி," என்றாள். "நல்லா கேட்டுக்கோ."

மோசஸ் ஹெல்மெட்டுக்குள் கையை விட்டு வாரைத் தடவினார். பிறகு தன் தலையைத் தடவினார். இரண்டு மூன்று முறை அப்படியே மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தார். அழுகை வந்தபோது வீங்கிய கண்ணிலிருந்து வழிந்தது கண்ணீரா கொப்புள நீரா என்று தெரியவில்லை. அந்தக் கொப்புளத்தின் மேல் அவர் கட்டியிருந்த நம்பிக்கை பெரிது. காயத்துக்காகக் கிடைக்கப்போகும் பணத்தைவிட, பதினாலு வருஷம் அங்கே நின்றோம் என்று ஒரு தீர்ப்பில் எழுதப்படப்போகிறது என்றுதான் இரண்டு நாளாக எண்ணிக்கொண்டிருந்தார். அந்த ஆசை கன்னியம்மாவுக்கும் இருந்தது. இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சீப்பு அவளுக்குத் திங்கட்கிழமையே ஞாபகம் வந்திருக்கும்.

சீட்டு வேண்டும். தெருமுனை மருந்துக் கடையில் கேட்டாள். மாத்திரை பேர் தெரியாமல், சீட்டு இல்லாமல் எதை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறீர்கள் என்றான் கடைக்காரன். அதற்குள் மோனிகா வேலையிலிருந்து வந்துவிட்டாள். நைனாவின் முகத்தைப் பார்த்த கையோடு அவளே வீரராகவனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று கன்னியம்மா கேட்டாள்.

"யாரும்மா வந்தாங்க ஊட்டுக்கு?" என்றார் வீரராகவன்.

"யாரும் வர்ல சார். அவருக்குக் கண்ணு மங்கிகினே போவுது. மாத்திர வாங்கணும்."

"நேத்து நெருப்புன்னீங்க. இன்னிக்கு மாத்திர கேக்கறீங்க. நடுவுல இன்னா நடந்துச்சு? கம்பெனி ஆள் பக்கத்துல நின்னுகினு இருந்தா இருமிக் காட்டுங்க, நான் புரிஞ்சிக்கறேன்."

"எங்கூட எம் பொண்ணுதான் நிக்கிறா சார்."

"அந்தக் காகிதம் போன்ல ஏறிச்சின்னா நாலு எடத்துக்குப் போயிடும்மா. நாளைக்கு நானே நேர்ல வரேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

போன் வைக்கப்பட்டது. மோனிகா கெட்ட வார்த்தை ஒன்றைப் பல்லுக்குள் கடித்தாள். கன்னியம்மா அவரைத் திட்டவில்லை. எத்தனை வீட்டில் சாட்சிகள் சாயங்காலத்துக்குள் மாறிப்போனதை அந்த மனுஷன் பார்த்திருப்பார். ஆனால் நாளைக்கு என்பது நாலாம் நாள். மூன்று நாளுக்குள் என்று டாக்டர் சொன்னதை, நெருப்பு இல்லை என்பதோடு சேர்த்து மோசஸ் கோபமாகச் சொல்லிக் காட்டியது அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது. மகளை நைனாவுக்குக் காவல் வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். வரதன் சாயங்காலத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு கிளினிக் வைத்திருந்தார்.

மழைக்குக் கூட்டம் இல்லை. அவள் சேலை நுனியைப் பிழிந்துகொண்டு உள்ளே போனாள். மோசஸ் வீட்டுக்காரி என்றதும் டாக்டரின் முகம் மாறியது. நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"போன் இருந்தா எடுத்து டேபிள் மேல வைங்கம்மா."

அவள் பட்டன் போனை எடுத்து வைத்தாள். அது எதையும் பதிவு செய்கிற போன் இல்லை. அதைப் பார்த்த பிறகும் அவருக்கு நிம்மதி வரவில்லை. தான் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்டார். திருவள்ளூரில் இருக்கிறது என்றாள். யாரிடம் என்று கேட்டார். வீரராகவன் பேரைச் சொன்னாள். பொய் சொல்லத் தோன்றவில்லை, சொல்ல நேரமும் இல்லை. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"அப்ப இன்னைக்கு வரைக்கும் ஒரு மாத்திரை கூடப் போடலியா?"

"இல்ல சார்."

"மூக்கு நுனியில வந்திருக்கா?"

"வந்துருக்குது. காலைல இல்ல, சாய்ந்திரம் பாக்கறேன், கீது."

அவர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் எழுதவில்லை. அவர் மனதில் ஓடியது கன்னியம்மாவுக்குத் தெரிந்தது. முதல் சீட்டு அவர்களிடம் இருக்கிறது, இரண்டாவதும் கொடுத்தால் எந்தக் கேஸில் எதற்கு நீட்டுவார்களோ? பயப்படுகிற முகத்தை அவள் தினமும் பார்க்கிறாள். பயப்படுகிற டாக்டரை இப்போதுதான் பார்த்தாள். வெளியே லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. அவள் கும்பிடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

"சார், நீங்க நெருப்பு இல்லன்னீங்க. நாங்க நம்பல. ஹெல்மெட்டக் கொணாந்து தலைமேல வச்சிப் பாத்தப்பறம்தான் நம்பனேன். நீங்க சொன்னதுக்காக நம்பல. அதயும் சொல்லிட்றேன். சீட்டு குடுங்க, கண்ணு போயிடும்."

டாக்டர் எழுதினார். வேகமாகவும் தெளிவாகவும் எழுதினார். ஐந்து வேளை எந்தெந்த மணிக்கு என்று தமிழில் தனியாகக் குறித்தார். இன்றைக்கே முதல் மாத்திரை, காலையில் முதல் வண்டிக்குச் சென்னைக் கண் ஆஸ்பத்திரி, இதையும் காட்டுங்கள் என்றார். இந்தச் சீட்டில் கம்பெனி பேர் இல்லை, அவர் பேரும் கிளினிக் பேரும்தான் இருந்தன. கன்னியம்மா அதைக் கவனித்தாள். பீஸ் வேண்டாம் என்று கையை ஆட்டினார். எழுந்தவள் கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"சார், துலுக்காணத்துக்கு எழுதினீங்களே, அது?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவருக்குச் சுகர் இருந்துச்சும்மா."

"சக்கரயும் இருந்துச்சி சார். சுட்டதும் இருந்துச்சி."

துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அதற்கு மேல் நிற்க நேரமில்லை.

ஏழரை மணிக்கு மோசஸ் கையில் மாத்திரை இருந்தது. பெரிய வெள்ளை மாத்திரை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார். அட்டையில் அச்சிட்டிருந்ததை மோனிகாவை வாசிக்கச் சொன்னார். அதை முழுங்கினால் கேஸ் இல்லை என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். கன்னியம்மா தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டு கை வலிக்க நின்றாள். கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை முதல் வண்டியில் சென்னைக்குப் போனார்கள். கண் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா கண்ணில் மஞ்சள் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். கருவிழியில் கொஞ்சம் தொட்டிருக்கிறது, ஆனால் உள்ளே இறங்கவில்லை, மாத்திரை நல்ல நேரத்தில் ஆரம்பித்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் கதையே வேறு என்றாள். கண்ணில் போட மருந்து எழுதினாள். கிளினிக் சீட்டைப் பார்த்துவிட்டு, யார் எழுதியது, நேரத்தைக்கூடக் குறித்து நன்றாக எழுதியிருக்கிறாரே என்று கேட்டாள். கன்னியம்மா, ஊரில் ஒரு டாக்டர் என்று மட்டும் சொன்னாள்.

அன்று மத்தியானம் வீரராகவன் சொன்னபடியே ஆரம்பாக்கம் வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு விஷயம் தெரிந்ததும் வருத்தப்பட்டார், மன்னிப்பும் கேட்டார். சீட்டைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். மோசஸ், அது அங்கேயே இருக்கட்டும் சார் என்றார். காயத்துக்கு உதவாவிட்டாலும் அதில் கம்பெனி பேரும் அவர் பேரும் ஒரே காகிதத்தில் இருக்கிறதே.

பத்து நாள் கழித்து மழை விட்ட ஒரு சாயங்காலம் துலுக்காணம் வந்தார். அதுவரை அவர் வரவில்லை. தன் பேச்சைக் கேட்டு ஒரு மனுஷன் கண்ணைத் தொலைக்கப் பார்த்தான் என்று ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். நெற்றியில் கொப்புளம் காய்ந்து பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. வலி இன்னும் அவ்வப்போது வெட்டியது. பார்வை தெளிந்துவிட்டது. துலுக்காணம் எதிரே உட்கார்ந்து தன் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார். மோசஸ் வலது கண்ணால் மட்டும் பார்த்து, மூணு என்றார். இன்னொரு முறை கேட்டார். நாலு என்றார்.

கன்னியம்மா மடவைக் கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டு மூன்று தட்டு வைத்தாள். செல்லியம்மாள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிருந்தது. சாப்பிடும்போது கன்னியம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஹெல்மெட்டை, சீப்பை, போனை, மழையில் போனதை. டாக்டர் முதல் நாளே சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்றும், இரண்டாவது சீட்டைச் சென்னை டாக்டரம்மாவே மெச்சினாள் என்றும் சொன்னாள். அவர்மேல் வைத்திருந்த கோபம் துலுக்காணத்துக்குக் கொஞ்சம் குறையட்டும் என்றுதான் சொன்னாள். கிளினிக் கதவருகே அவள் டாக்டரிடம் கேட்ட கேள்வியை மட்டும் சொல்லவில்லை.

துலுக்காணம் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குழம்பு ஆறி எண்ணெய் படர்ந்தது. பாதி பாதத்தை மடக்கி, கன்னியம்மாவுக்கு எதிரே மரியாதையாக உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அப்ப அந்தாளுக்கு நெசத்த எழுதத் தெரியும்."

மோசஸ் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கன்னியம்மா எழுந்து போய், ஆறிய குழம்பை எடுத்துவிட்டுச் சூடாக ஊற்றினாள். துலுக்காணம் அதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.